தப்பிப் போனவர்களின் மலை

ரீயூனியன் தீவின் மேற்குக் கரையோரமாகக் காரில் போனால், கடலுக்கு இறங்கும் வழிகளில் அடிக்கடி ஒரு பலகை கண்ணில் படும். சுறாவின் படம், கூடவே பிரெஞ்சில் ஓர் எச்சரிக்கை: இங்கே குளிக்கத் தடை. இந்தியப் பெருங்கடலில், மடகாஸ்கருக்குக் கிழக்கே சுமார் 700 கி.மீ. தள்ளி இருக்கும் இந்தத் தீவு, தேடி வருகிறவர்களைக் கடலில் இறங்காதே என்கிறது. அப்படியே திரும்பிப் பார்த்தால் மலை. கரும்புத் தோட்டங்களுக்கு மேலே, மேகத்தையும் தாண்டி ஏறிப்போகிறது. ரீயூனியனில் பார்க்க வேண்டிய திசை அதுதான்.

பக்கத்துத் தீவான மொரீஷியஸுக்குத் தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் ஏராளம். அங்கிருந்து விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் ரீயூனியன் வந்துவிடும். ஆனாலும் இங்கே வருகிற தமிழர்கள் குறைவு. 1946 முதல் இது பிரான்ஸின் ஒரு மாவட்டம். செலவுக்கு யூரோ, ஆட்சிக்குப் பாரிஸ், வீட்டில் பேச கிரியோல். பரப்பளவு சுமார் 2,500 சதுர கி.மீ. நம் கன்னியாகுமரி மாவட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு. அவ்வளவு சின்ன இடத்தில் 3,071 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது பித்தோன் தே நேஜ் என்கிற அணைந்த எரிமலை. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடி 2,695 மீட்டர்தான்.

கடற்கரையே இல்லையா என்றால், இருக்கிறது. தீவின் சுற்றளவு 200 கி.மீ.க்கு மேல். அதில் மேற்கே சுமார் 25 கி.மீ. நீளத்துக்குத்தான் பவளப்பாறை அரண் கட்டியிருக்கிறது. அந்த அரணுக்கு உள்ளே இருக்கும் லெர்மிதாஜ், லா சலின் காயல்களில் தண்ணீர் இடுப்பளவு. அலை வெளியே பாறையில் அடித்து உடைந்துபோகிறது. குழந்தைகளை நம்பி இறக்கிவிடலாம். முகமூடியும் குழாயும் மாட்டிக்கொண்டு குனிந்தால், காலுக்கருகே கிளிஞ்சான் மீன்கள் பவளத்தைக் கடித்துத் தின்கிற சத்தம்கூடக் கேட்கும். பவளத்தின் மேல் மட்டும் கால் வைக்கக் கூடாது. 2007 முதல் இந்தப் பகுதி கடல்வளக் காப்பகம்.

லெர்மிதாஜுக்கு ஞாயிற்றுக்கிழமை போக வேண்டும். கரை நெடுக சவுக்குத் தோப்பு. காலை ஏழு, எட்டு மணிக்கே குடும்பம் குடும்பமாக வந்து நிழலைப் பிடித்துவிடுவார்கள். பாய், கட்டில் மெத்தை, மடக்கு மேசை, ஒரு பாட்டி, இரண்டு நாய், கரி படிந்த பெரிய வார்ப்பு அலுமினியச் சட்டி. விறகு மூட்டி அங்கேயே சமையல். வெங்காயம், பூண்டு, இஞ்சி, தக்காளி, மஞ்சள்தூள், ஒரு கொத்து தைம் இலை போட்டுக் கோழியை வதக்கிக் 'காரி' வைப்பார்கள். சோறு தனியே, பீன்ஸ் கொட்டை தனியே, பச்சைமிளகாய் இடித்த ருகாய் தனியே. கறிவேப்பிலை தாளித்த ஆட்டுக்கறி மசாலே இருந்தால் அன்றைக்கு விசேஷம் என்று பொருள். கடற்கரையில் உணவகங்கள் இருக்கின்றன, நன்றாகவும் இருக்கின்றன. ஆனால் தீவின் சாப்பாடு என்பது இந்தச் சவுக்கு நிழலில் நடப்பது. ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாலே யாராவது தட்டை நீட்டிவிடுவார்கள்.

பவள அரணுக்கு வெளியே கதை வேறு. 2011 முதல் அடுத்த எட்டு ஆண்டுகளில் சுறா தாக்கிப் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலானோர் அலைச்சறுக்கு ஆடியவர்கள், இள வயதினர். 2013 ஜூலையில் அரசு தடை போட்டது. காயலுக்குள்ளும், வலை கட்டிக் காவல் வைத்த சில கரைகளிலும் மட்டுமே கடலில் இறங்கலாம். உலகம் முழுவதிலுமிருந்து சறுக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வந்த சேன்-லெ ஊருக்கு அது பெரிய அடி. கரையோர எச்சரிக்கைப் பலகைகளை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எத்தான்-சலேயின் கரிய எரிமலை மணலில் நடங்கள், தெற்கே கிராந்த் ஆன்ஸ் விரிகுடாவை மேட்டிலிருந்து பாருங்கள், ஜூன் முதல் செப்டம்பர் வரை கரைக்கு நெருங்கி வருகிற கூன்முதுகுத் திமிங்கிலங்களைப் படகிலிருந்து பாருங்கள். சேன்-லெயில் கெலோனியா என்கிற ஆமைக் காப்பகம் இருக்கிறது. ஒரு காலத்தில் இறைச்சிக்காகக் கடலாமை வளர்த்த பண்ணை அது. இப்போது தூண்டிலில் சிக்கி அடிபட்டு வரும் ஆமைகளைத் தேற்றிக் கடலில் விடுகிறார்கள்.

இனி மலைக்கு வருவோம்.

தீவின் வரைபடத்தை விரித்து வைத்து ஊர்ப்பெயர்களை வாசித்தாலே பாதி வரலாறு தெரிந்துவிடும். கரையோரம் முழுக்கப் புனிதர்கள்: சேன்-தெனி, சேன்-போல், சேன்-லெ, சேன்-பியேர், சேன்-ஆந்த்ரே. உள்ளே மலைக்குப் போகப் போகப் புனிதர்கள் காணாமல் போகிறார்கள். மஃபாத், சிலாவோஸ், சலாசி, ஆன்ஷேன், சிமாந்தெஃப். கரையோரத்தில் முதலாளிகளின் காபித் தோட்டங்களும் பிறகு கரும்புத் தோட்டங்களும் இருந்தன. மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்கக் கரையிலிருந்தும் பிடித்துவரப்பட்ட அடிமைகள் அவற்றில் உழைத்தார்கள். தப்பிக்க முடிந்தவர்கள் ஓடிய இடம் மலை. மஃபாத் என்பது அப்படித் தப்பியவர்களின் தலைவன் ஒருவனுடைய பெயர். 1751இல் பிரான்சுவா முஸார் என்கிற அடிமை வேட்டைக்காரன் அவனைத் தேடிப்பிடித்துக் கொன்றான். ஆன்ஷேன் தன் மனைவி ஹேவாவோடு ஒரு தனிக்குன்றின் உச்சியில் ஒளிந்து வாழ்ந்ததாகச் சொல்கிறார்கள். சலாசியில் அந்தக் குன்று இன்றும் அவன் பெயரோடு நிற்கிறது.

தீவின் நடுவே எரிமலையின் உடம்பு சரிந்தும் மழையில் அரித்தும் மூன்று மாபெரும் பள்ளங்கள் உண்டாகியிருக்கின்றன. சலாசி, சிலாவோஸ், மஃபாத். சுற்றிலும் ஆயிரம் மீட்டருக்குச் செங்குத்தான சுவர்கள். முதல் இரண்டுக்கும் சாலை உண்டு. சலாசியில் சாலையோரமே அருவிகள் விழும், ஏல்-பூர் கிராமத்தில் மரவேலைப்பாடுள்ள பழைய வீடுகள் இருக்கும். சிலாவோஸுக்குப் போகும் சாலையில் வளைவுகள் நானூறு என்பார்கள். போய்ச் சேர்ந்தால் பருப்பு வாங்காமல் திரும்பாதீர்கள், சிலாவோஸ் பருப்புக்குத் தீவு முழுக்கப் பேர் உண்டு. மூன்றாவதான மஃபாத்துக்குச் சாலையே கிடையாது. எழுநூறு, எண்ணூறு பேர் அங்கே குடியிருக்கிறார்கள். பள்ளி இருக்கிறது, தேவாலயம் இருக்கிறது, சிறு கடைகள் இருக்கின்றன. போவதற்கு இரண்டே வழி, நடை அல்லது ஹெலிகாப்டர்.

சலாசிப் பக்கத்திலிருந்து கோல் தே பெ கணவாய் வழியாக இறங்குவது எளிய பாதை. கணவாயில் நிற்கும்போது எதிரே மஃபாத் முழுதும் கீழே கிடக்கும், காலை வெயிலில் சுவர்கள் சிவந்திருக்கும். பத்து மணியானால் மேகம் ஏறி எல்லாவற்றையும் மூடிவிடும். ஆகவே இந்தத் தீவில் மலைக்குப் போகிறவர் இருட்டோடு எழுந்தாக வேண்டும். இறக்கம் முழுக்க மரக்கட்டைப் படிகள். இறங்கினால் தமரின் மரக்காடு. நம் புளியமரம் இல்லை இது, தீவுக்கே உரிய ஒரு வேல இனம். புயலில் சாய்ந்து, சாய்ந்தபடியே வளர்ந்து, உடம்பெல்லாம் பாசி தொங்க நிற்கும். தெக்-தெக் என்கிற சின்னக் குருவி மனிதரைக் கண்டு பயப்படுவதில்லை. இரண்டு அடி முன்னால் வந்து உட்காரும், நாம் நெருங்கினால் அடுத்த கிளைக்குத் தாவும், வழிகாட்டி மாதிரி கூடவே வரும்.

சுமார் இரண்டு மணி நேர நடையில் லா நுவெல் வந்துவிடும். தகரக் கூரை வீடுகள், கூரை மேல் சூரியத் தகடுகள், வாசலில் செம்பருத்தி. நடந்து வருகிறவர்கள் தங்க 'ழீத்' எனப்படும் எளிய விடுதிகள் உண்டு. ஓர் அறையில் ஆறு, எட்டுக் கட்டில். இரவு ஏழு மணிக்கு எல்லோருக்கும் ஒரே நீள மேசையில் சாப்பாடு. அண்டையில் உட்கார்ந்திருப்பவர் பாரிஸ் மருத்துவராக இருப்பார், எதிரே சேன்-தெனி பள்ளி ஆசிரியை. வீட்டுக்கார அம்மா சட்டியோடு வந்து நடுவில் வைத்துவிட்டு, மறுசோறு வாங்காதவரை முறைத்துப் பார்ப்பார். அந்த அரிசி, கேஸ் சிலிண்டர், சிமென்ட் மூட்டை எல்லாம் ஹெலிகாப்டரில் வலைப்பையில் தொங்கி வந்தவை. அதனால் கீழே விற்கும் விலை இங்கே செல்லாது. குப்பையும் அதே வழியில்தான் வெளியே போகிறது.

ஹெலிகாப்டர் வருவதற்கு முன்னால் எல்லாமே மனிதத் தலையில்தான். இவ்ரின் போசே என்கிற தபால்காரர் 1951இல் தொடங்கி நாற்பது ஆண்டுகள் மஃபாத்தின் கிராமங்களுக்கு நடந்தே தபால் கொண்டு போனார். கடிதம், பணவிடை, மருந்து, ஊர்ச்செய்தி. ஒரு சுற்று முடிக்கப் பல நாள் பிடிக்கும். இன்றைக்கு அந்தப் பாதையில் இலகுவான காலணியும் மழைக்கோட்டுமாக நடக்கிற நமக்கு, ஒரே ஒரு ஏற்றத்தில் அவருடைய வேலையின் கனம் புரிந்துவிடுகிறது.

மஃபாத்தில் தப்பி வாழ்ந்தவர்கள் மட்டும் இல்லை. 1848இல் அடிமைமுறை ஒழிந்த பிறகு, நிலமில்லாத ஏழை வெள்ளையர்களும் விடுதலையான அடிமைகளும் இங்கே வந்து கிடைத்த மேட்டு நிலத்தில் சோளமும் பயறும் போட்டார்கள். மஃபாத்துக் குடும்பங்களில் இந்த இரண்டு வரலாறும் கலந்து கிடக்கின்றன. சுற்றுலா நிறுவனங்கள் விற்கும் ஹெலிகாப்டர் உலாவில் இதெல்லாம் நாற்பது நிமிடப் பச்சைப் பள்ளத்தாக்காகக் கடந்துபோகும். காலில் வலு இல்லாதவர்களுக்கு அது சரி. நடக்க முடிந்தவர்கள் அதில் ஏறுவதில் எனக்கு உடன்பாடில்லை. காலையிலிருந்து தலைக்கு மேல் ஓயாமல் இரைகிற அந்தச் சத்தத்தைக் கீழே இருப்பவர்கள் தினமும் கேட்கிறார்கள்.

பித்தோன் தே நேஜ் உச்சிக்கு ஏறுகிறவர்கள் சிலாவோஸிலிருந்து கிளம்பி 2,479 மீட்டரில் இருக்கும் விடுதியில் இரவு தங்குகிறார்கள். விடியலுக்கு மூன்று மணி நேரம் முன்பே நெற்றி விளக்கோடு ஏறத் தொடங்கினால் உச்சியில் சூரிய உதயம். ஜூலை, ஆகஸ்டில் மேலே உறைபனி படியும். வெப்பமண்டலம் என்று நம்பிச் சட்டையோடு போய்விடக் கூடாது.

மழையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சென்னையில் ஓராண்டு முழுக்கப் பெய்வது ஏறக்குறைய 1,400 மி.மீ. 1966 ஜனவரியில் தெனிஸ் புயலின்போது இந்தத் தீவின் ஃபோக்-ஃபோக் என்னும் மலையிடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மி.மீ. கொட்டியது. 2007 பிப்ரவரியில் கமேத் புயலில் கொமெர்சோன் எரிமலைவாயில் மூன்றே நாளில் 3,930 மி.மீ. இரண்டும் உலகச் சாதனைகள். கடல்காற்று இந்த உயரமான சுவர்களில் மோதி மேலேறும்போது ஈரம் முழுவதும் அங்கேயே கொட்டிவிடுகிறது. கிழக்குக் கரை நனைவதும், மேற்குக் கரை காய்ந்து கிடப்பதும் அதனால்தான். புயல் காலமான டிசம்பர் முதல் மார்ச் வரை நடைப்பயணத்துக்கு உகந்ததல்ல. 2025 பிப்ரவரி இறுதியில் அடித்த கரான்ஸ் புயல் வீடுகளையும் தோட்டங்களையும் நாசம் செய்துவிட்டுப் போனது. மே முதல் நவம்பர் வரை போகலாம்.

தென்கிழக்கில் இன்னொரு எரிமலை, பித்தோன் தெ லா ஃபூர்னேஸ், இன்றும் உயிரோடு இருக்கிறது. உலகில் அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் ஒன்று. பயப்பட வேண்டாம். குழம்பு பெரும்பாலும் குதிரை லாட வடிவில் சுவர் சூழ்ந்த, குடியிருப்பே இல்லாத ஒரு பரப்புக்குள்தான் ஓடும். 1977இல் வழக்கத்தை மீறி வெளியே பிளந்தது. பித்தோன்-சேன்த்-ரோஸ் ஊருக்குள் குழம்பு இறங்கி வீடுகளை விழுங்கி, தேவாலயத்தைச் சுற்றி வளைத்து, வாசலில் வந்து நின்றுவிட்டது. உறைந்த அந்தக் கருங்குவியலுக்கு நடுவே இன்றும் பூசை நடக்கிறது. 2007 ஏப்ரலில் உச்சியின் எரிமலைவாய்த் தரை முந்நூறு மீட்டருக்கு மேல் உள்ளே இடிந்து விழுந்தது. நெடுஞ்சாலையைக் கடந்து கடலுக்குள் ஓடிய குழம்பு, தீவுக்குப் புது நிலம் சேர்த்தது.

எரிமலைக்குப் போகும் சாலை பசும்புல் மேடுகளைக் கடந்து திடீரென்று ஒரு செம்பழுப்புப் பாலைக்குள் இறங்கும். ஒரு புல் இல்லை, ஒரு பறவை இல்லை. 2,311 மீட்டரில் பா தெ பெல்கோம்ப் விளிம்பில் சாலை முடிகிறது. அங்கிருந்து ஐந்நூறு படிகளுக்கு மேல் இறங்கினால் உறைந்த குழம்பின் தரை. சில இடத்தில் கயிறு முறுக்கினாற்போல வழவழப்பாக, சில இடத்தில் காலணியைக் கிழிக்கிற கூர்மையில். பாறைகளில் வெள்ளைச் சாயப் புள்ளிகள் போட்டிருப்பார்கள். பனிமூட்டம் இறங்கும்போது பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளி தெரிந்த பிறகே காலை எடுத்து வைக்க வேண்டும். போய்வர ஐந்து மணி நேரம். தண்ணீர் எங்கும் கிடைக்காது.

கிழக்குக் கரையில் சேன்த்-சூசானில் ஒரு பையனின் கதை இருக்கிறது. மெக்சிகோவிலிருந்து வந்த வனிலாக் கொடி இங்கே பூத்தது, காய்க்கவில்லை. மகரந்தம் சேர்க்கும் பூச்சி இங்கே இல்லை. 1841இல் எத்மோன் அல்பியுஸ் என்கிற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன் வழி கண்டான். மெல்லிய குச்சியால் பூவுக்குள்ளிருக்கும் தடுப்புச் சவ்வை நிமிர்த்தி, கட்டைவிரலால் மகரந்தத்தை அழுத்தினான். முடிந்தது. வனிலாத் தோட்டங்களில் இன்றும் இப்படித்தான் செய்கிறார்கள். பூ ஒரு காலைப்பொழுதுதான் விரிந்திருக்கும் என்பதால் கைகள் அவ்வளவு வேகம். உலகத்துக்கே வனிலா கிடைக்க வழி செய்த அல்பியுஸ் 1880இல் வறுமையில் செத்தார்.

1848 டிசம்பர் 20 அன்று தீவின் அடிமைகள் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் விடுதலை ஆனார்கள். இன்றும் அந்நாள் தீவுக்குத் திருவிழா. அடிமைகளின் பாட்டும் ஆட்டமுமான மலோயா விடிய விடிய ஒலிக்கும். ஆனால் விடுதலையான கைகளுக்குப் பதில் தோட்ட முதலாளிகளுக்கு வேறு கைகள் வேண்டியிருந்தன. புதுச்சேரி, காரைக்கால், சென்னைத் துறைகளிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் நம் ஆட்கள். 1860இல் பிரான்ஸும் பிரிட்டனும் இதற்கென்றே உடன்படிக்கை போட்டன. கூலிகள் நடத்தப்பட்ட விதம் அம்பலமாகி 1882இல் பிரிட்டன் அதை நிறுத்தியது.

அவர்களின் வழிவந்தவர்களை இங்கே மல்பார் என்கிறார்கள். பிரான்ஸ் இனவாரிக் கணக்கு எடுப்பதில்லை, ஆனால் மக்கள்தொகையில் கால் பங்கு இருக்கும் என்பது பொதுவான மதிப்பீடு. கடைப்பலகைகளில் ராமசாமி, வீராசாமி, முத்துசாமி. வீட்டில் பேசுவது கிரியோல். தமிழ் பேச்சிலிருந்து போய்விட்டது, கோயிலில் இருக்கிறது. ஆலைக்கருகே கூலிகள் எழுப்பிய சிறு கோயில்களும் உண்டு, தமிழ்நாட்டிலிருந்து சிற்பிகளை வரவழைத்துக் கட்டிய கோபுரங்களும் உண்டு. பாஞ்சாலிக்குத் தீமிதி பெரிய விழா. பல நாள் விரதமிருந்து மஞ்சள் உடையில் வருகிறவர்கள் நெருப்புக்குழியை நடந்து கடப்பார்கள். வெளியாரும் போய்ப் பார்க்கலாம். செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நின்றால் போதும், படம் எடுக்கும் முன் கேட்டுக்கொள்வது மரியாதை.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர் ஒரே ஒரு நடைதான் முடியும் என்றால், நான் எரிமலையைச் சொல்ல மாட்டேன், மஃபாத்தையும் சொல்ல மாட்டேன். வடமேற்கில் லா பொசெசியோனிலிருந்து சேன்-தெனி பக்கம் போகும் 'ஆங்கிலேயர் பாதை'யைச் சொல்வேன். உயரமில்லை, பெயரும் பெரிதில்லை. 18ஆம் நூற்றாண்டில் கருங்கல் பாவிய பழைய சாலை அது. 1810இல் தீவைப் பிடிக்க வந்த பிரிட்டிஷ் படை இந்தப் பக்கம் இறங்கியதால் அந்தப் பெயர். அந்தப் படையில் மதராஸ் சிப்பாய்களும் இருந்தார்கள். கற்கள் தேய்ந்து பளபளப்பாகி, ஒன்றுகூடச் சமமாக இல்லாமல் கிடக்கும், மழை பெய்தால் வழுக்கும். நிழல் மிகக் குறைவு. காய்ந்த புல்வெளி, இடது கைப்பக்கம் கடல். அந்தக் கடலுக்குள் தூண் நட்டுக் கட்டி 2022இல் திறந்த பெரிய பாலத்தில் கார்கள் பறக்கும்.

இரண்டு மணி நேரத்தில் பாதை கிராந்த் ஷலூப் என்கிற பள்ளத்தாக்கில் இறங்குகிறது. அங்கே நீண்ட கல் கட்டடங்கள். கப்பலில் வந்த ஒப்பந்தக் கூலிகளை நோய்த் தடுப்புக்காக அடைத்து வைத்த லஸாரே. காலராவும் அம்மையும் ஊருக்குள் பரவாமல் இருக்க, கரை இறங்கியவர்களை முதலில் இங்கேதான் வைத்தார்கள். இங்கேயே இறந்து இங்கேயே புதைக்கப்பட்டவர்களும் உண்டு. மற்றவர்களைப் பெயர் எழுதிப் பிரித்துத் தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். ஒரு கட்டடத்தைச் சீரமைத்துக் காட்சியகமாக்கியிருக்கிறார்கள். சுவரைத் தொட்டுப் பார்த்தேன், கனமான கருங்கல், முழங்கை நீளத் தடிமன். கதவுக்கு நேரே கடல். நாகப்பட்டினத்துப் பக்கமோ தஞ்சாவூர்ப் பக்கமோ ஒரு கிராமத்தை விட்டுக் கிளம்பி, வாரக்கணக்கில் கப்பலில் வந்து, இந்தத் தீவில் முதல் ராத்திரியை இந்தச் சுவருக்குள் கழித்தவர்களுக்கு வெளியே தெரிந்தது அவ்வளவுதான்: ஒரு பக்கம் வந்த கடல், மறுபக்கம் ஏற முடியாத மலை.

போகிறவர்களுக்குச் சில தகவல்கள். ரீயூனியன் பிரான்ஸுக்கு உட்பட்டது, ஆனால் ஷெங்கன் பகுதிக்குள் இல்லை. விசா ரீயூனியனுக்குச் செல்லுபடியாகுமா என்று உறுதி செய்த பிறகே டிக்கெட் எடுங்கள். கரையோரம் சுற்ற மஞ்சள் பேருந்துகள் போதும், மலைக்குக் கார் வேண்டும். ழீத் விடுதிகளை மாதங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும்.

அக்டோபரில் போக முடிந்தால் இன்னும் நல்லது. தீவைத் தெற்கிலிருந்து வடக்காகக் குறுக்கே கடக்கும் கிராண்ட் ரெய்ட் ஓட்டம் அப்போது நடக்கும். சுமார் 170 கி.மீ. தூரம், மொத்தம் 10,000 மீட்டர் ஏற்றம். சேன்-பியேரில் கிளம்பி, சிலாவோஸையும் மஃபாத்தையும் தாண்டி வருகிற ஓட்டக்காரர்கள், தலைநகர் சேன்-தெனி நெருங்கும் கடைசிக் கட்டத்தில் இந்த ஆங்கிலேயர் பாதையில்தான் வந்து ஏறுகிறார்கள். இரண்டு இரவு தூங்காதவர்கள் அந்தச் சமமில்லாத கற்களில் தடுமாறி நடப்பார்கள். ஊர்க்காரர்கள் பாதையோரம் தண்ணீரும் ஆரஞ்சுச் சுளையுமாக நின்று, ஒவ்வொருவர் மார்பிலும் எழுதியிருக்கும் பெயரைப் படித்து, அந்தப் பெயரைச் சொல்லிக் கத்திக் கூப்பிடுவார்கள்.